வெளங்கல மிஸ்!

"என்ன பார்த்தீபன், இன்னும் இறைமைப் பாடத்திலதான் நிக்கிறியளோ?"

அதிபர் குமாரசிங்கம் கல்லூரித் தலைமைப் பொறுப்புக்கு மாற்றலாகி வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அவருடைய அறைக்கும் கணினி அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டுமே.

"பிள்ளைங்களுக்கு இன்னும் வெளங்கல சேர்" என்றான் பார்த்தீபன்.

"அதுதான் எனக்கும் கேக்குதே! நாள் தவறாமல் 'வெளங்கல மிஸ், வெளங்கல மிஸ்' எண்டு கத்துதுகள். படிப்பிக்கிறது நீங்கள். அதுகள் கூப்பிடுறது மிஸ்ஸை!"

அரசியல் விஞ்ஞானப் பாடத்தைப் பார்த்தீபன் கணினியில்தான் நடத்தினான். திரையில் படங்களும் குறிப்புகளும் மாறும். ஒரு பெண்குரல் விளக்கிக்கொண்டே போகும். முடிவில் "விளங்குதோ பிள்ளையள்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கும். ஆள் நேரில் நிற்பதைப் போலவே மாணவர்களும் பதில் சொல்வார்கள். விளங்கவில்லை என்றால், அவன் மறுபடியும் முதலிலிருந்து ஓடவிடுவான்.

"ஆர் அந்தப் பிள்ளை? எங்கட பக்கத்து ஆள் மாதிரிக் கதைக்குது."

"ஆமா சேர். சாவகச்சேரி. பேரு ஜெயமலர்."

"இப்ப எங்க படிப்பிக்கிறா?"

"இப்ப படிப்பிக்கிறதில்ல சேர்."

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இஞ்ச பாரும், ஓகஸ்ட்டில சோதினை. இண்டைக்கு நானே வந்து கேள்வி கேக்கப்போறன். பதில் வராட்டி நாளைக்குக் கம்பியூட்டர் என்ர ஒபிசுக்கு வரும். நீர் கரும்பலகையில எழுத வெண்கட்டியைத் தூக்கும்."

"சோதனை வரைக்குமாவது அது இருக்கட்டும் சேர்" என்றான்.

பத்து மணிக்கே தெமோதரை மலை பனிமூட்டத்துக்குள் போயிருந்தது. ஜன்னல் வழியாக நுழைந்த மூட்டம் மேசைக்கால்களை மறைத்தது. மாணவர்கள் மேகத்தின் மேல் உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தார்கள். கீழே எங்கோ ரயில் கூவியது. அதுவும் கனவில் கேட்பது போலத்தான் இருந்தது. அந்த வெண்மைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தேயிலைத் தோட்டத்தில கங்காணிக்கு மேல ஆர்? கணக்கப்பிள்ளை. அவருக்கு மேல துரை. துரைக்கு மேல கொம்பனி. இப்பிடியே ஏறிக்கொண்டு போங்கோ. தனக்கு மேல ஒருத்தருமே இல்லாத ஒரு இடம் வரும். அதுதான் இறைமை... கொஞ்சம் பொறுங்கோ."

கதவு திறக்கும் சத்தம். மேசையில் கோப்பை வைக்கும் சத்தம். மெல்லிய ஒரு சிரிப்பு. "சீனி போட்டதோ?" பிறகு மறுபடி பாடம்.

பார்த்தீபன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். அந்த இடம் வரும்போதெல்லாம் அவன் அப்படித்தான் நிற்பான்.

"ஏன் காணும், உந்தத் தேத்தண்ணிக் கதையை வெட்டி எடுக்கேல்லையோ?" என்றார் கதவருகே நின்ற அதிபர்.

"மறந்துட்டேன் சேர்."

அதிபர் பாடத்தை நிறுத்தச் சொன்னார். முன்வரிசையைப் பார்த்தார்.

"நீ எழும்பு. இறைமை எண்டால் என்ன?"

கிஷாந்தன் எழுந்தான். கங்காணியில் தொடங்கி கொம்பனியைத் தாண்டி மூச்சுவிடாமல் ஏறினான். "அதுதான் இறைமை... கொஞ்சம் பொறுங்கோ" என்று முடித்தான்.

வகுப்பு சிரித்தது.

"டேய், சீனியையும் சேத்துச் சொல்லுடா!" என்றது ஒரு குரல்.

அதிபர் சிரிக்கவில்லை. அரசின் அதிகாரங்களைப் பிரிக்கும் வலுவேறாக்கத்தைக் கேட்டார். விகிதாசாரத் தேர்தலைக் கேட்டார். விருப்பு வாக்கு எண்ணும் முறையைக் கேட்டார். தடுமாறாமல் பதில் வந்தது. ஜன்னல் பக்கமிருந்து பார்த்தீபன் திரும்பிப் பார்த்தான். இதையெல்லாம் அவன் இன்னும் தொடக்கூட இல்லை.

"உதெல்லாம் ஆர் படிப்பிச்சது?"

"நாங்களே புத்தகத்தப் பாத்துப் படிச்சிக்கிட்டோம் சேர்" என்றாள் விஜிதா.

"அப்ப இந்த இறைமைப் பாடம்?"

"அது போன தவணையே வெளங்கிருச்சு சேர்."

அதிபருக்குக் கோபம் ஏறியது.

"எல்லாம் தெரிஞ்சுகொண்டே ஏன் வெளங்கல, வெளங்கல எண்டு கத்துறியள்? இந்த மனுசனை ஏமாத்துறியளோ?"

விஜிதா மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வெளங்குதுன்னு சொன்னா சேர் அடுத்த பாடத்துக்குப் போயிருவாரு. மிஸ் பேசி வச்சது நாலு பாடந்தான் சேர்."

"அதுக்கென்ன? மிச்சத்தையும் பேசித் தரச் சொல்லிக் கேக்கிறதுதானே?"

விஜிதா பார்த்தீபனை ஒருமுறை பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மிஸ் செத்து ஒரு வருஷமாச்சு சேர். எங்க சேரோட சம்சாரம். அந்தத் தேத்தண்ணியக் கொண்டுவந்து வச்சது சேர்தான்."

பார்த்தீபன் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதிபர் மெதுவாக நடந்துபோய்க் கடைசி வாங்கில் கிடந்த ஒரு பையை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். பாடத்தை ஓடவிடும்படி கையைக் காட்டினார்.

கங்காணி வந்தார். துரை வந்தார். கதவு திறந்தது. கோப்பை வைக்கப்பட்டது. அவள் சிரித்தாள். பாடம் முடிந்தது.

"விளங்குதோ பிள்ளையள்?"

மாணவர்கள் வாய் திறக்குமுன் கடைசி வாங்கிலிருந்து பதில் வந்தது.

"விளங்கேல்லை, பிள்ளை" என்றார் அதிபர்.