முத்திரை இல்லாத தாள்

கையெழுத்துப் போட்டால் ஆறு மாதம். போடாவிட்டால் மூன்று வருடம்.

தேர்வுப் பொறுப்பாளர் காலே மேடம் தாளைப் பரீஹாவின் பக்கம் நகர்த்தி, அதன்மேல் பேனாவையும் வைத்தார். பிரெஞ்சு மொழிபெயர்ப்புத் தேர்வில் காப்பி அடித்ததை ஒப்புக்கொள்கிறேன் என்று ஆங்கிலத்தில் டைப் செய்திருந்தார்கள். பெயரையும் அவர்களே போட்டுவிட்டார்கள். கையெழுத்துதான் பாக்கி.

ஒப்புக்கொண்டால் ஆறு மாதம் கழித்து மறுபடி தேர்வு எழுதலாம். மறுத்தால் மூன்று வருடத்துக்கு மும்பை மாட்டுங்காவின் இந்த இன்ஸ்டிட்யூட் படியை மிதிக்கக் கூடாது.

அவளை வேலைக்கு எடுத்திருந்த செம்பூர் மருந்துக் கம்பெனியோ அடுத்த மாதம் முதல் தேதிக்குள் சான்றிதழோடு வரச் சொல்லியிருந்தது. ஆக, இரண்டில் எதைச் செய்தாலும் அந்த வேலை போய்விடும்.

அவள் செய்த குற்றம், நாற்பதுக்கு நாற்பது வாங்கியது.

நாற்பது ஆங்கில வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் வினைச்சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு அப், அவுட், அக்ராஸ் என்று ஏதாவது ஒரு குட்டிச் சொல் நிற்கும். அந்தக் குட்டிதான் ஆளைக் கவிழ்க்கும். நேராகப் பிரெஞ்சில் மாற்றினால் அசட்டுத்தனமாக இருக்கும். இதுவரை இங்கே முப்பதைத் தாண்டியவர் யாரும் இல்லை.

தாராவியிலிருந்து வந்தவள் தாண்டினால் அது திருட்டு. இதை யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அதற்கு அத்தாட்சியாக ஒரு ரஃப் தாள் கிடைத்துவிட்டது. பரீஹா கூடுதலாகக் கேட்டு வாங்கிய தாள் அது. கொடுத்த சூப்பர்வைசர் முத்திரை குத்த மறந்துவிட்டார். முத்திரை இல்லையென்றால் வீட்டிலிருந்து எழுதிக் கொண்டுவந்தது என்று அர்த்தமாம். அதன் இரண்டு பக்கமும் பென்சிலில் ஒரே தமிழ்.

அந்த இன்ஸ்டிட்யூட்டில் தமிழர் என்று இருப்பவர் அஷ்வத் சார் ஒருவர்தான். மாட்டுங்காவிலேயே பிறந்து, கான்வென்ட்டில் படித்து, அங்கேயே பிரெஞ்சு சொல்லித் தருபவர். நேற்று தாளை அவரிடம் கொடுத்தார்கள். பிரெஞ்சு விடைகள் தமிழ் எழுத்தில் மறைத்து எழுதப்பட்டுள்ளன என்று ஒரு பக்கத்துக்கு அறிக்கை கொடுத்துவிட்டார்.

இப்போது அவர் பரீஹாவின் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சைன் பண்ணிடும்மா. தமிழ்ப் பொண்ணாச்சேன்னு சொல்றேன். அடுத்த டெர்ம்ல நானே ஹெல்ப் பண்றேன்."

பரீஹாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு வரி வாசிச்சுக் காட்டுங்க சார். எந்த வரின்னாலும் சரிதான்."

அஷ்வத் சார் தாளைக் கிட்டே கொண்டுவந்தார். தள்ளிப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, கையெழுத்து ரொம்ப மோசம் என்று மேடத்திடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

கார்ப்பரேஷன் தமிழ்ப் பள்ளியில் கையெழுத்துக்கென்றே மூன்று வருடம் பரிசு வாங்கியவள் பரீஹா. அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு மேடத்தின் பக்கம் திரும்பினாள்.

தான் மொழிபெயர்க்கும் விதத்தை ஆங்கிலத்திலேயே விளக்கினாள். 'சாலையின் குறுக்கே ஓடினாள்' என்பார்கள் ஆங்கிலக்காரர்கள், அவர்களுக்கு ஓட்டம்தான் முக்கியம். பிரெஞ்சுக்காரர்களுக்குக் கடப்பதுதான் முக்கியம், ஓட்டம் கூடவே வரும். தமிழிலும் அப்படித்தான். 'தொண்ணூறடி ரோட்டை ஓடிக் கடந்தாள்' என்று முதலில் தமிழில் எழுதிக்கொண்டால் பிரெஞ்சு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். 'கதவை உதைத்துத் திறந்தான்' என்பதும் அதே கதைதான். தாளில் இருப்பது நாற்பதுக்கும் நாற்பது தமிழ் வாக்கியங்கள். பிரெஞ்சில் ஒரு சொல்கூடக் கிடையாது.

காலே மேடம் கெட்டவர் இல்லை. எதற்கும் தாள் கேட்பவர், அவ்வளவுதான். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவளிடம் நீட்டினார். சொன்ன இரண்டு வாக்கியங்களையும் இதில் தமிழில் எழுது. அஷ்வத் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ரஃப் தாளில் அவை இருந்தால் இப்போதே ரிசல்ட் போடுகிறேன்.

அதெல்லாம் எதற்கு மேடம் என்றார் அஷ்வத் சார். அவர் முகம் வெளுத்திருந்தது.

பரீஹா பென்சிலை எடுத்தாள். ஒரு கணம் யோசித்தாள். தான் நினைத்தது தப்பாகப் போனால் மூன்று வருடமும் போச்சு, வேலையும் போச்சு. பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

இரண்டு வரி எழுதினாள். அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. தாளை மேடத்திடம் தராமல் நேராக அஷ்வத் சாரின் கையில் கொடுத்தாள்.

அவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். நிமிர்ந்து பரீஹாவைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"சேம்தான் மேடம்," என்றார். "ரெண்டு லைனும் இதுல இருக்கு. நேத்து அவசரத்துல நான்தான் சரியா பார்க்கல."

மேடம் டைப் செய்த தாளை நான்காகக் கிழித்தார். ரஃப் தாளில் முத்திரை குத்தினார். பரீஹா புதிதாக எழுதிய தாளை ஃபைலில் குத்தி, அடியில் 'சரிபார்க்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதி அஷ்வத் சாரிடம் கையெழுத்துக் கேட்டார். அவர் தேதியோடு போட்டுக் கொடுத்தார்.

அந்தத் தாள் இன்றைக்கும் ஃபைலில் இருக்கிறது. அவருடைய கையெழுத்துக்கு மேலே, பரீஹாவின் முத்து முத்தான எழுத்தில் இரண்டு வரிகள்:

'நான் காப்பி அடித்தேன், ஒப்புக்கொள்கிறேன்.

இதை வாசிக்கத் தெரிந்தால் இப்போதே மேடத்திடம் சொல்லிவிடுங்கள்.'