காந்தத்தில் ஒன்றும் ஒட்டவில்லை

முதலாளி வீட்டுல ஆறு கார் நிக்கிற ஷெட். தரை போட்டு ரெண்டு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரே விரிசல்.

"என்ன இன்ஜினியர், ஃபைபர் கான்கிரீட் போட்டா ஆயுசுக்கும் விரிசல் விடாதுன்னு சொன்னது நீங்கதானே?"

முதலாளி கேட்டதும், விரிசல் ஓரத்துல ஒரு துண்டைப் பேர்த்து, சுத்தியால பொடியாக்கினேன். ஸ்டீல் ஃபைபர்ங்கிறது விரல் நீளத்துக்குச் சின்னச் சின்னக் கம்பித் துணுக்கு. கலவைக்குள்ள பரவிக் கிடந்து, கான்கிரீட் பிளக்கப் பார்த்தா இழுத்துப் பிடிச்சுக்கும். பொடி மேல காந்தத்தை ஓட்டினேன்.

ஒண்ணுகூட ஒட்டல.

"இருபது மூட்டை வாங்கிக் கொடுத்தேனே?"

"காலிச் சாக்கு இருபதையும் நானே எண்ணி வாங்கினேன் முதலாளி." எங்க தொழில்ல அதுதான் அத்தாட்சி. சாக்கு காலின்னா சரக்கு கலவை போடுற மிக்சருக்குள்ள போயிடுச்சுன்னு அர்த்தம்.

மிக்சர் அக்காவை வரச் சொன்னோம். பதினோரு வருஷமா எங்க மிக்சரை ஓட்டுறவங்க. கையைத் துடைச்சுக்கிட்டே வந்தாங்க.

"அக்கா, இந்தத் தரைக்கு ஃபைபர் போட்டீங்களா?"

"இல்ல சார்."

இப்படிப் பட்டுன்னு சொல்வாங்கன்னு நான் நினைக்கவே இல்ல.

"அப்ப சரக்கு எங்க?"

"நான்தான் எடுத்தேன்."

"வித்துட்டியா?" முதலாளி பல்லைக் கடிச்சார்.

அக்கா தரையைப் பார்த்தாங்க. இவங்க இருக்காங்கன்னு சைட்டை அப்படியே விட்டுட்டு எத்தனை நாள் சாப்பிடப் போயிருக்கேன்.

"உங்களைப் போய் நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

"இனிமே என் சைட் பக்கம் தலைவச்சும் படுக்கக் கூடாது, போ"ன்னார் முதலாளி.

அக்கா மிக்சர் சாவியை என் கையில கொடுத்துட்டு, சாப்பாட்டுப் பையோட கேட்டைப் பார்த்து நடந்தாங்க.

"சரி, தொலையட்டும். நாளைக்கு ஆஸ்பத்திரி மாடிக்கு கான்கிரீட் இருக்கே, எத்தனை மூட்டை வேணும்?" முதலாளி என் பக்கம் திரும்பினார்.

இங்க என் பெருமையை நானே சொல்லிக்கணும். இதுக்கு முன்னாடி ஒரு ஸ்கூல் கட்டினோம். மாடியில தூணே இல்லாம வெளிய நீட்டிக்கிட்டிருக்கிற வராந்தா. கம்பியைக் குறைச்சு, அதுக்கு ஈடா ஃபைபர் சேர்க்கிறதுதான் டிசைன். நாற்பது மூட்டை போடணும். செலவைக் கேட்டு முதலாளி முகத்தைச் சுளிச்சதும், "இருபது போதும், எவன் உடைச்சுப் பார்க்கப் போறான்"னு பாதியாக்கினது நான்தான். அந்தக் கலவையில சோதனைக்குன்னு வார்த்த பீமை லேப்ல வளைச்சுப் பார்த்தாங்க. விரிசல் விட்ட பிறகும் ரெண்டா உடையாம கெட்டியா நின்னுது. அன்னிக்கு முதலாளி என் முதுகுல தட்டிக் கொடுத்தார், வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டிகிட்டகூடச் சொன்னேன்.

"டிசைன்படி எண்பது. நாற்பது போதும் முதலாளி. ஸ்கூலே பாதியில பாஸாயிடுச்சே."

கேட்டுல கை வச்சிருந்த அக்கா திரும்பி வந்தாங்க.

"வேணாம் சார். ஸ்கூல்ல பாதி இல்ல. நாற்பதும் போட்டேன்."

"அங்க இருபதுதானே இறக்கினோம்?"

"மீதி இருபது இந்தத் தரைக்கு வாங்கி வச்சிருந்தது. குடோன்லேருந்து நான்தான் எடுத்துட்டுப் போனேன். காலிச் சாக்கைப் பத்திரமா வச்சிருந்து, தரை போட்ட அன்னிக்கு உங்ககிட்ட கொடுத்தேன்."

லேப்ல பாஸானது என் பாதி இல்ல, அக்காவோட முழுசு. அவங்க பேசாம கேட்டைத் தாண்டியிருந்தா, நாளைக்கு ஆஸ்பத்திரி மாடியை நான் நிஜமாவே பாதியில போட்டிருப்பேன்.

"அன்னிக்கு பாதி போதும்னு நீங்க ரெண்டு பேரும் பேசினது காதுல விழுந்துச்சு சார். இங்க விரிசல் விட்டா காருக்கு ஒண்ணும் ஆகாது. அங்க பெல் அடிச்சா இருநூறு பிள்ளைங்க வந்து நிக்கும்."

முதலாளி விரிசலையே பார்த்துக்கிட்டு நின்னார். நான் மிக்சர் சாவியை அக்காகிட்ட நீட்டினேன். அவங்க வாங்கல.

"என்னைத் திருடின்னே அனுப்புங்க சார், பரவாயில்ல. நாளைக்கு அந்த எண்பது மூட்டையையும் உள்ள போடுற ஒரு ஆளை வச்சுட்டு அனுப்புங்க."