104729-இன் மீதி

சத்யப்ரியாவின் சீசன் டிக்கெட் எண் 104729. ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறியதும், தினமும் கூட வரும் கணக்கு வாத்தியார் பட்டாபிராமன் அந்த எண்ணை வகுத்துப் பார்ப்பார். இருவருக்கும் அதுதான் பொழுதுபோக்கு.

"இது பகா எண். ஒண்ணையும் இதே எண்ணையும் தவிர வேற எதால வகுத்தாலும் ஏதாவது மீதி நிக்கும்," என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை பதின்மூன்றால் வகுத்தார். 8056 வந்தது. மீதி இல்லை.

"நேத்து இதே பதின்மூணால வகுத்தப்ப மீதி ஒண்ணு இருந்துச்சே சார்," என்றாள் சத்யப்ரியா.

மறுபடி வகுத்தார். மீதி இல்லை. 8056-ஐப் பதின்மூன்றால் பெருக்கினார். 104728 வந்தது. டிக்கெட்டில் 104729 என்றுதான் அச்சாகியிருந்தது.

"ஒண்ணு குறையுது. எங்க போச்சு?" என்று முதலிலிருந்து தொடங்கினார்.

பெருங்களத்தூரில் கூட்டம் ஏறியது. ஒரு பெண் பட்டாபிராமன் உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டி, "இங்க யார்னா வர்றாங்களாக்கா?" என்று கேட்டாள்.

சத்யப்ரியாவுக்குப் புரியவில்லை. "ஆள் இருக்கு," என்றாள்.

"சரிக்கா. அவங்க வர்ற வரைக்கும் உக்காந்துக்கறேன்."

பட்டாபிராமன் நிமிரவில்லை. காணாமல் போன ஒன்றைத் தாளில் தேடிக்கொண்டிருந்தார்.