நடுவில் நிற்காத குரல்

ஒலிப்பதிவாளன் உமாபதி குனிந்து ஒயரைச் சரிபார்த்தபோது, காதருகே வலது ஸ்பீக்கர் பெருஞ்சத்தம் போட்டு எரிந்துபோனது. அந்த இடத்தில் வேறு கம்பெனி ஸ்பீக்கர் ஒன்றை வைத்தான். அன்றிலிருந்து பாடகியின் குரல் நடுவில் நிற்காமல் இடப்பக்கமே சாய்ந்தது. நாற்காலியை நகர்த்தினான், திரைச்சீலையைக் கழற்றினான். மூன்று நாளாக ஒரு பாட்டையும் முடிக்க முடியவில்லை.

"எனக்கு நடுவுலதான் கேக்குது," என்றாள் மனைவி செண்பகம்.

"ரெண்டு ஸ்பீக்கரும் ஜோடி சேராதது உனக்கு எப்படித் தெரியும்?" என்று எரிந்து விழுந்தான்.

அலைந்து திரிந்து பழைய மாடலிலேயே ஒன்றை வாங்கி வந்தான். குரல் அப்போதும் இடப்பக்கமே நின்றது. கோளாறு இடது ஸ்பீக்கரில்தான் என்று இரண்டையும் இடம் மாற்றி வைத்தான். குரல் இம்மியும் நகரவில்லை.

பிறகு இடது காதை விரலால் அடைத்தான். பாட்டு மங்கி, பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. வாசலில் நின்ற செண்பகத்தின் உதடுகள் மட்டும் அசைந்தன. விரலை எடுத்தான்.

"ஜோடி சேந்துடுச்சான்னு கேட்டேன்."

"சேந்துடுச்சு," என்றான்.

அவள் உள்ளே போனதும் மறுபடி விரலை வைத்துப் பார்த்தான்.