கைத் தோட்டா

"கடைத் தோட்டாவா? காசைக் கரியாக்கணும்னு கங்கணம் கட்டினவன்தான் அதை வாங்குவான்" என்றார் வெர்னன்.

ஹாங்கின் முகம் சுருங்கிவிட்டது. சால்மன் மீன் சீசனுக்காக ஒஹையோவிலிருந்து அலாஸ்காவுக்கு, அக்கா வீட்டுக்கு வந்திருந்தவன் அவன். பக்கத்து வீட்டில் மீனுக்குப் புகை போடும் கொட்டகையைக் கரடி பிரித்து மேய்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், அக்கா புருஷன் வெர்னனின் பெரிய ரிவால்வருக்காக ஒரு பெட்டி தோட்டா வாங்கி வந்து நீட்டினான். அதற்குத்தான் இந்த மரியாதை.

"இல்ல மச்சான், நம்ம கொட்டகையிலயும் அக்கா மீன் தொங்க விட்டிருக்காளே. கரடி வந்துட்டா?"

"வரட்டும். என் கைத் தோட்டா ஒண்ணு போதும். தான் கரடியா, கம்பளமான்னு அதுக்கே சந்தேகம் வந்துடும்."

கராஜுக்குள் கார் நின்று வருஷக்கணக்காகிறது. மேசை மேல் கைப்பிடி வைத்த மெஷின், குட்டித் தராசு, வெடிமருந்து டப்பாக்கள், ஈயம் உருக்கும் சட்டி. சுட்டு முடித்த காலிக் கூட்டில் மருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டை வைத்து அழுத்தினால் புதுத் தோட்டா. கடையில் ஒரு தோட்டா மூன்று டாலர், இங்கே ஒரு டாலர்தான் என்று மருந்தோடு சேர்த்துக் கதையும் அளந்துகொண்டிருந்தார் வெர்னன்.

ஹாங்கின் அக்கா டோரிஸ் வாசலில் வந்து நின்றாள். கொட்டகையில் மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்ததால் மேலெல்லாம் புகை வாடை.

"மிச்சம் பிடிக்கிற மகராசா, கரண்ட் வேலி என்னாச்சு? குளிர்காலம் பூரா நாம சாப்பிடப் போறது அந்தக் கொட்டகைக்குள்ளதான் தொங்குது."

"வேலி ஒரு தண்டச் செலவு டோரிஸ். அதான் நான் இருக்கேனே."

"கூரை ஒழுகினப்பவும் இதையேதான் சொன்னே. தோட்டாவுல மிச்சம் பிடிச்சு கூரை போட்டுடலாம்னு. அப்புறம் ஈயச் சட்டி வந்துச்சு, தராசு வந்துச்சு, இந்த மெஷின் வந்துச்சு. வாளி இன்னும் நடு ஹால்லதான் இருக்கு."

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். வெர்னனின் தராசில் சுண்டைக்காயை மட்டும்தான் நிறுக்க முடியும்.

"உங்கக்காவுக்குச் சிக்கனம்னா என்னன்னே தெரியாது ஹாங்க். பழைய மெஷின்ல ஒரு தோட்டா செய்யறதுக்குள்ள காபி ஆறிடும். இதுல கைப்பிடியை ஒரு இழுப்பு, ஒரு தோட்டா. கோழிகூட இவ்ளோ வேகமா முட்டை போடாது."

"சுடும்போது கை வலிக்காதா மச்சான்? பெரிய ரிவால்வராச்சே."

"கத்துக்குட்டிக்கு வலிக்கும்."

டோரிஸ் சிரித்தாள். "முன்னெல்லாம் ஞாயித்துக்கிழமை சுட்டுட்டு வந்தா மணிக்கட்டுக்குத் தைலம் தேய்ச்சுவிடச் சொல்லி என் உயிரை எடுப்பார். இந்த வருஷம் ஒரு தடவைகூடக் கேக்கலை. சுடுற மைதானத்துக்கு மட்டும் தவறாமப் போறார். அடுத்தவன் சுட்டுப் போட்ட கூட்டையெல்லாம் குனிஞ்சு பொறுக்கி, பை நிறையக் கொண்டு வர்றார்."

"கை பக்குவப்பட்டுடுச்சு" என்றார் வெர்னன், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஹாங்குக்கு மச்சான் மேல் மரியாதை கூடியது. "அந்த ரிவால்வரை ஒரு தடவை கையில வாங்கிப் பார்க்கலாமா?"

"எண்ணெய் போட்டுப் பூட்டி வச்சிருக்கேன். எடுத்து எடுத்துக் காட்டறதுக்கு அது என்ன பொம்மையா? நீ முதல்ல அந்தக் கடைப் பெட்டியை வேற எவன் தலையிலயாவது கட்டு."

கொட்டகைப் பக்கம் பலகை முறியும் சத்தம் கேட்டது. மூவரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். கதவைக் காணோம். கதவு இருந்த இடத்தில் ஒரு பெரிய பழுப்புக் கரடியின் பின்புறம் இருந்தது.

கோடை முழுக்க டோரிஸ் ஆற்றில் நின்று பிடித்து, அறுத்து, உப்பு போட்டு, புகை காட்டிய மீன் அது.

"வெர்னன், துப்பாக்கியை எடு."

வெர்னன் அசையவில்லை. "சத்தம் போட்டா அதுவே போயிடும். கொஞ்சம் பொறு."

ஹாங்க் ஈயச் சட்டியை எடுத்து ஜன்னல் கம்பியில் அடி அடியென்று அடித்தான். கரடி ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. பிறகு அடுத்த மீனை இழுத்தது.

"பொறுக்கவா? அங்க பாதி காலியாயிடுச்சு. எதுக்குய்யா மலை மலையா செஞ்சு குவிச்சிருக்கே, மியூசியத்துல வைக்கவா? எடு."

"டோரிஸ், நான் சொல்றதைக் கேளு..."

அவள் கேட்கவில்லை. அவர் கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியைப் பிடுங்கி, மூலையிலிருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே அடியிலிருந்து மேல் வரை தோட்டாக்கள், வரிசை வரிசையாகப் பளபளத்தன. கையை விட்டுத் துழாவினாள். பின்னாலும் தோட்டாதான். அதற்குப் பின்னாலும் தோட்டாதான்.

"ரிவால்வர் எங்கே வெர்னன்?"

வெர்னன் மெஷினின் கைப்பிடியைத் தடவினார்.

"மெஷினுக்குக் காசு பத்தலைன்னு அதை வித்துட்டேன் டோரிஸ். தோட்டாவுல மிச்சம் பிடிச்சுத் திரும்ப வாங்கிடலாம்னுதான் இருந்தேன்."