கையெழுத்திடாதவன்

நான்கு மணிக்குப் படிவப் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள். மூன்றே முக்கால் ஆகியும் விஜிதரன் பேனாவைத் தொடவில்லை.

சிட்னிச் சிறையின் பொதுக்கூடத்து மேசைமேல், அவனுக்கு வாசிக்கத் தெரியாத ஆங்கிலப் படிவம் ஒன்று அவன்முன் கிடந்தது.

கைதிகளுக்குக் காட்டாத அறிக்கைகளைக்கொண்டு பரோல் குழு முடிவெடுக்கிறதெனச் சில கைதிகள், எல்லாக் கைதிகளின் சார்பிலும் வழக்குத் தொடுத்திருந்தனர். விஜிதரனின் பரோல் விசாரணையோ வரும் வியாழக்கிழமை.

தன்மீதே வழக்காடுபவனை அக்குழு வெளியே விடுமா?

அவன் வந்து தங்குவதற்கென மனைவி சுலக்சனா புறநகரான கிரவீனில் வீடு பிடித்து, பரோல் அதிகாரியிடம் முகவரியும் கொடுத்துவிட்டாள்.

“போட்டுடுங்கண்ணா. நம்மளக் கேக்காமயே எல்லாரையும் சேர்த்துட்டாங்க. கையெழுத்துப் போட்டாத்தான் வழக்குலேர்ந்து வெளிய வர முடியும்,” என்றான் பிரசன்னா. கோயம்புத்தூர்க்காரன், சிறையின் அந்தப் பகுதியில் தமிழ் பேசும் ஒரே மற்றக் கைதி அவன்தான்.

“நான் சேராத வழக்கில இருந்து விலக எனக்கு ஏன் கையெழுத்து? ஆருக்குத் தம்பி கதை விடுறாய்?”

பிரசன்னா தன் படிவத்தைக் காலையிலேயே பெட்டியில் இட்டுவிட்டான். கையெழுத்திட்டால்தான் வழக்கில் சேர்ப்பார்களோ என்ற ஐயத்தை அதுவே வளர்த்தது. வழக்குத் தொடுத்தவர்களுள் ஒருவனோடு அவன் நாள்தோறும் சதுரங்கம் ஆடுவதையும் விஜிதரன் கவனித்திருந்தான். ஆள் சேர்ப்பவன் வேறு எப்படிப் பேசுவான்?

படகில் வந்திறங்கிய ஆண்டில், தொலைபேசி அட்டைக்கென்று தடுப்பு முகாமில் ஒரு தாளில் கையெழுத்திட்டான். நாடு திரும்பச் சம்மதமென்று அத்தாள் பின்னர் அவன் கோப்பில் இருந்தது. புரியாத தாளில் அதன்பின் அவன் கையெழுத்திட்டதில்லை.

நான்கு மணிக்குக் காவலர் வந்தார். விஜிதரன் எழுந்து, வெற்றுப் படிவத்தை இரு கைகளாலும் அவரிடம் திருப்பிக் கொடுத்தான்.

அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். ‘அப்படியானால் நீ வழக்கில் நீடிக்கிறாய். துணிச்சல்காரன்தான்!’ என்று விரைவான ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தவாறே பெட்டியைப் பூட்டி எடுத்துச் சென்றார்.

“என்னவாம்?” என்று கேட்டான் விஜிதரன்.

மூடிக்கொண்ட இரும்புக் கதவிலிருந்து பிரசன்னா அவன் பக்கம் திரும்பினான்.

“வியாழக்கிழமை நல்லபடியா முடியட்டும்னு சொல்லிட்டுப் போறார்ணா.”

அன்று பிரசன்னா கூறியவற்றுள் விஜிதரன் நம்பியது அது ஒன்றைத்தான்.