எம்லினின் ஓட்டு

தேசியப் பூங்கா எல்லைக்குள் ஆட்டுப்பண்ணை வைத்திருந்த கெதின், தன் பழைய கல் கொட்டிலை வீடாக்க அனுமதி கேட்டிருந்தான்.

"கெதினுக்குச் சொந்தக்காரங்க யாராவது இருந்தா வெளியே போயிடுங்க. அவங்களுக்கு ஓட்டு கிடையாது" என்றார் அனுமதி தரும் பூங்காக் குழுவின் தலைவர், வழக்கம்போல.

குழு உறுப்பினரான கவுன்சிலர் எம்லின் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "இன்னிக்கு வீடும்பான், நாளைக்கு லண்டன்காரனுக்கு வித்துடுவான். மலையோட அழகே போச்சு!" என்றார். அவருடைய ஒரே ஓட்டில் கெதின் தோற்றான்.

வீட்டில் மகள் மாரெட் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கேம்மா கிளம்பிட்டே?"

"கெதினோட. கல்யாணம் பண்ணிக்கிட்டு குடியிருக்க இந்தப் பள்ளத்தாக்குல இடமில்லையேப்பா."

எம்லின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீங்க எழுந்து வெளியே போயிருப்பீங்க. உங்க ஓட்டை நம்பித்தான் சொல்லலைப்பா."